வடைத் தட்டு ஆணைக்குழு

மனித குலம் இதுவரை கண்ட நிறுவனங்களுள் ஆக உயர்ந்தது பாராளுமன்றம் என்று சிலரும், நீதிமன்றம் என்று வேறு சிலரும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். இவர்கள் கொழும்பு வெள்ளவத்தையில் ஒருநாளும் காலைச் சாப்பாடு சாப்பிடாதவர்கள். சாப்பிட்டிருந்தால், அந்த இடம் சைவக்கடை வடைத் தட்டுக்கே உரியது என்று மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டிருப்பார்கள்.

வடைத் தட்டின் அரசியல் யாப்பு மிக எளியது. நீங்கள் கடைக்குள் போய் உட்காருகிறீர்கள். நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே ஒரு சில்வர் தட்டு முன்னால் வந்து இருக்கிறது. அதில் உளுந்து வடை, கடலை வடை, ரோல்ஸ், சமோசா என்று பத்துப் பன்னிரண்டு கிடக்கும். நீங்கள் இரண்டைச் சாப்பிட்டுத் தேத்தண்ணி குடிக்கிறீர்கள். சாப்பிட்ட இரண்டுக்குத்தான் பில். மிச்சத் தட்டு எழும்பி அடுத்த மேசைக்குப் போகிறது. அங்கே ஒரு சட்டத்தரணி ஒன்றை எடுக்கிறார். அதற்கடுத்த மேசையில் ஓட்டோக்காரர் ஒருவர் இரண்டை எடுக்கிறார். முன்னுக்கு இருந்தவர் கை கழுவினாரா என்று எவரும் எவரையும் கேட்பதில்லை. இவ்வளவு பரஸ்பர நம்பிக்கை இந்த நாட்டில் வேறெங்கும் கிடையாது. தேர்தல் மேடைகளில்கூட இல்லை.

காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றின் வாயிலில் இருக்கிறது ஸ்ரீ மங்களாம்பிகை பவன். தினமும் காலை ஏழேகாலுக்கு மின்விசிறிக்குக் கீழேயுள்ள மேசையில் வந்து அமர்பவர் திரு. நாகேந்திரம். வயது அறுபத்தெட்டு. அரச திணைக்களமொன்றில் பிரதம நிர்வாக உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். கொழுப்புக் கூடிவிட்டது என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து அவருடைய மனைவி அன்னபாக்கியம் காலையில் ஓட்ஸ் மட்டுமே காய்ச்சுகிறார். அதே நாளிலிருந்து நாகேந்திரமும் ஒரு நாள் தவறாமல் 'நடைப்பயிற்சி'க்குப் போகிறார்.

அவர் வடை தெரிவு செய்யும் முறை தனியானது. தட்டு வந்ததும் முதலில் கண்ணாடியைத் துடைத்துப் போடுவார். பிறகு வலது கைச் சுட்டுவிரலால் ஒவ்வொரு கடலை வடையின் நடுவிலும் மெல்ல அமத்துவார். அமத்தும்போது மொறுமொறுவென்று எதிர்த்து நிற்கும் வடையே சாப்பிடத் தகுதியானது. விரலுக்கு இடம் கொடுக்கும் வடை, கொள்கையற்ற வடை. ஏழு வடை இருந்தால் ஏழையும் பரிசீலித்து, ஒன்றைத் தெரிவுசெய்து, சம்பலில் தொட்டுக் கடித்து, கண்ணை மூடுவார். அந்த நேரத்தில் அவரைப்போல் சந்தோஷமான மனிதர் கொழும்பு மாநகர எல்லைக்குள் இருக்கமாட்டார். மற்ற ஆறையும் தான் 'தொட்டதாக' அவர் நினைத்ததே இல்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, அவ்வளவுதான்.

இப்படிப் பதினொரு வருடம் ஒரு முறைப்பாடும் இல்லாமல் போயிற்று. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை சுபோதினி அந்தக் கடலை வடையைக் கண்டார்.

சுபோதினி காப்புறுதி நிறுவனமொன்றில் முகாமையாளர். அன்று காலை தன் தட்டிலிருந்த வடையின் நடுவில், விரல் நுனி அளவில் வட்டமாக ஒரு குழி இருப்பதை அவர் கவனித்தார். உளுந்து வடைக்கு நடுவில் ஓட்டை இருப்பது இயல்பு. கடலை வடைக்கு நடுவில் குழி இருப்பது சம்பவம். அவர் அதைப் படம் பிடித்து, சிவப்பு வட்டம் போட்டு, 'வெள்ளவத்தை உறவுகள்' என்ற வாட்ஸ்அப் குழுவில் இட்டார். அந்தக் குழுவில் எண்ணூற்றுப் பன்னிரண்டு உறவுகள் உண்டு. அவர்களில் பாதிப்பேர் டொரொன்டோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். அங்கே இருப்பதால் வெள்ளவத்தை வடையைப்பற்றி அவர்களுக்குக் கவலை இரட்டிப்பு.

மூன்று நாள் வேறு கதை நடக்கவில்லை. எலி என்றார் ஒருவர். எலிக்கு வட்டமாக அமத்தத் தெரியாது என்றார் மற்றவர். மெல்போர்னிலிருந்து ஒரு டொக்டர் விரலில் வாழும் கிருமிகளின் பெயர்களை லத்தீனில் எழுதினார். நாலாம் நாள் யாரோ ஒருவர், வெயிட்டர் கை கழுவாமல் தொட்டிருப்பான், அவனை வேலையிலிருந்து நிற்பாட்டினால் சரி என்று எழுதினார். எழுதியவருக்கு வெயிட்டரைத் தெரியாது. ஆனாலும் எண்பத்தாறு பேர் கட்டைவிரல் காட்டி ஆமோதித்தார்கள்.

கடை முதலாளி பிரியந்தனுக்குக் கை கால் ஓடவில்லை. அந்த வெயிட்டர் றமேஷ், மலையகத்துப் பொகவந்தலாவைக்காரர். பதினொரு வருடமாக அங்கே நிற்பவர். அவர் அனுப்பும் சம்பளத்தில்தான் மகள் ஓஎல் என்ற சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பிரியந்தன் நேரே மின்விசிறி மேசைக்கு வந்தார்.

"ஐயா, றமேஷை நிப்பாட்டச் சொல்லிச் சனம் நிண்டு கத்துது. அவர் அப்பிடிச் செய்யிற ஆள் இல்லையெண்டு எனக்குத் தெரியும். ஆனா நான் சொன்னா ஆர் நம்புவினம்? நீங்கள் பெரிய உத்தியோகத்திலை இருந்த மனிசன். விசாரிச்சு, அவரிலை பிழையில்லை எண்டு ஒரு துண்டு எழுதித் தந்தியள் எண்டால் காணும்."

நாகேந்திரம் அந்தப் படத்தை ஏற்கெனவே பார்த்திருந்தார். குழி நேர்த்தியாக, ஆழம் அளவாக, ஓரத்தில் மெல்லிய நகக்கீறலோடு இருந்தது. தன்னுடைய முறையையே பின்பற்றும் வேறொருவர் வெள்ளவத்தையில் இருக்கிறார் என்ற முடிவுக்கு அவர் வந்தார். அன்று பின்னேரம் அவர் நகம் வெட்டினார். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

"துண்டு எழுதிற விசயம் இல்லைத் தம்பி, இது. ஒரு ஆணைக்குழு போடவேணும்" என்றார் அவர்.

அவரைவிடப் பொருத்தமான தலைவர் கிடைத்திருக்கமாட்டார். திணைக்களத்தில் அவர் பதினேழு விசாரணைக் குழுக்களில் இருந்தவர். பூட்டிய அறையிலிருந்து மூன்று தட்டச்சு இயந்திரங்கள் காணாமற்போனதை ஒன்பது மாதம் விசாரித்து, அறை மிகச் சிறந்த முறையில் பூட்டப்பட்டிருந்தது என்று அறிக்கை கொடுத்த குழுவுக்கு அவரே தலைவர். பதினேழிலும் ஒரு குற்றவாளிகூடப் பிடிபடவில்லை. அதனால் திணைக்களத்தில் எல்லாரும் ஒரு குடும்பம்போல இருந்தார்கள்.

முறைப்பாட்டாளர் தரப்பில் சுபோதினி உறுப்பினரானார். மூன்றாமவர் மர்ஸூக் ஹாஜியார். காலி வீதியில் புடைவைக்கடை வைத்திருப்பவர். நாள்தோறும் காலை ஏழு மணிக்கு அங்கே வந்து ரோல்ஸும் பால் விடாத பிளேன்ரீயும் எடுப்பவர். அவர் முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னார். கூட்டத்துக்குத் தேத்தண்ணி இலவசம் என்று பிரியந்தன் சொன்னதும், ஊருக்குச் செய்ய வேண்டிய கடமை ஒன்று இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்.

முதலாவது கூட்டம் புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கடையின் பின்மேசையில் கூடியது. தலைவர் நியதிகளை வாசித்தார். மேற்படி வடையில் காணப்பட்ட குழியின் தன்மை, அதன் தோற்றுவாய், அதற்குப் பொறுப்பானோர் என்று மூன்று விடயங்கள். சான்றுப்பொருளாக ஒரு வடைத் தட்டு மேசை நடுவில் வைக்கப்பட்டது. சான்றுப்பொருளைத் தலைவர் கண்ணாடி போட்டு ஒவ்வொன்றாகப் பரிசீலித்தார். மர்ஸூக் ஹாஜியார் ஒரு ரோல்ஸை எடுத்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், எண்ணெய் பழசோ என்று மணந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். இன்னொன்றை மணந்தார். சுபோதினிக்குப் பச்சைமிளகாய் ஆகாது. அவர் போனைப் பார்த்தபடியே ஓர் உளுந்து வடையை இரண்டாகப் பிய்த்து, உள்ளே பச்சையாக ஏதோ தெரிந்ததும், இரண்டு பாதியையும் பொருத்தி, முன்னிருந்த மாதிரியே தட்டில் வைத்தார். சான்றுப்பொருள்மீது இப்படிப் பல கோணங்களில் ஆய்வு நடந்தபின், சாட்சியை அடுத்த கூட்டத்தில் அழைப்பதென்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. றமேஷ் வந்து தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார்.

இரண்டாவது கூட்டத்துக்கு றமேஷ் சேர்ட்டை மாற்றி, தலைக்கு எண்ணெய் வைத்து வந்தார். கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை. பிரியந்தன் கல்லாவில் இருந்தபடி காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"நீர் அந்தச் செவ்வாய்க்கிழமை எங்கை நிண்டனீர்?" என்று தலைவர் தொடங்கினார்.

"அன்னைக்கு நான் இங்க இல்லைங்கய்யா. மகளோட ஸ்கூல்ல கூட்டம்னு ஊருக்குப் போயிருந்தேன். முதலாளிகிட்டச் சொல்லிட்டுத்தான் போனேங்க."

பிரியந்தன் கல்லாவிலிருந்து ஓம் ஓம் என்று தலையாட்டினார். விடயம் அத்தோடு முடிந்திருக்கவேண்டும். ஆள் அன்று கடையிலேயே இல்லை; ஒரு துண்டில் ஒரு வரி எழுதினால் போதும். ஆனால் பதினேழு குழுக்களில் இருந்த ஒருவர் ஒரே கேள்வியோடு எழும்புவது எப்படி? தலைவர் தொண்டையைச் செருமினார்.

"அப்ப நீர் நிக்கிற நாளிலை ஏன் ஒருநாளும் இப்பிடி நடக்கேல்லை? விளக்கம் தாரும்."

றமேஷ் பிரியந்தனைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார். "சொல்லித்தான் ஆகணுமாங்கய்யா?"

"ஆணைக்குழுவுக்கு ஒண்டையும் மறைக்கப்படாது."

"நான் தட்டைத் தனியா வெச்சிருக்கேங்க. ஐயாவுக்கு ஒண்ணு. ஹாஜியாருக்கு ஒண்ணு. மேடத்துக்கு ஒண்ணு." கோபமோ நக்கலோ அவர் குரலில் இல்லை; பொறுப்பு ஒப்படைக்கும் ஆள் விவரம் சொல்வது மாதிரிச் சொன்னார். "ஐயா அமத்திப் பார்ப்பீங்க. ஹாஜியாரு மோந்து பார்ப்பாரு. மேடம் பிச்சுப் பார்த்துட்டு ஒட்டி வெப்பாங்க. அதனால அந்த மூணு தட்டும் அடுத்த மேசைக்குப் போகாதுங்க. உள்ள கொண்டு போயிருவேன். அன்னைக்கு நின்ன பையனுக்கு இது தெரியல. ஐயாவோட தட்டைத் தூக்கி மேடத்துக்கு வெச்சிட்டான்."

"உள்ளே கொண்டுபோய்?" என்று கேட்டது சுபோதினி. அவர் போனைக் கவிழ்த்து வைத்திருந்தார்.

"சாப்பிடுவோங்க. நானும் குசினி ஆளுங்களும். வீசுறதுக்கு மனசு வராதுங்களே. நல்ல வடை."

பதினொரு வருடமாகத் தான் நிராகரித்த வடைகளையெல்லாம் இந்த மனிதன் தின்றிருக்கிறான் என்று நாகேந்திரத்துக்கு விளங்கியது. அவருக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது. எழும்பி அந்த மனிதனின் கையைப் பிடித்து இரண்டு வார்த்தை சொல்லவேண்டும் என்றுகூட நினைத்தார். சுவரிலிருந்த மணிக்கூட்டின்படி இது மூன்று நிமிடம் நீடித்தது. அதன்பின் அவருக்குத் தலைவர் பதவி ஞாபகத்துக்கு வந்தது.

சாட்சி வெளியே அனுப்பப்பட்டார். இப்போதுதான் அவருடைய அனுபவத்தின் மதிப்புத் தெரிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதினால் மூன்று உறுப்பினர்களின் பெயரும் எண்ணூற்றுப் பன்னிரண்டு உறவுகளுக்குத் தெரியவரும் என்பதை அவர் நிதானமாக எடுத்துச் சொன்னார். சுபோதினி, தான் கேட்டது சுகாதாரத்தைப்பற்றித்தான், ஆட்களைப்பற்றி அல்ல என்றார். மர்ஸூக் ஹாஜியார் மட்டும் கொஞ்சம் இழுத்தார்.

"அந்த மனிசன் பாவம், ஐயா. அவர் நமக்கு நல்லதுதானே செஞ்சிருக்கார்?"

"அதைத்தான் நாகேந்திரம் அங்கிள் எழுதப்போறார்" என்றார் சுபோதினி. "அவர் செய்ததை."

"என்ட பேரு வராதே?"

வராது என்று தலைவர் உறுதியளித்தார். ஹாஜியார் பெருமூச்சு விட்டுவிட்டுப் பேனையைக் கேட்டார்.

அறிக்கை பதினான்கு பக்கம். அதன் நடையில் ஒருவரும் குறை சொல்லமுடியாது. விரல் ஒன்று இருந்திருக்கிறது என்பது ஐயத்துக்கிடமின்றி நிரூபணமாகியுள்ளதாகவும், அது எவருடையது எனத் தீர்மானிப்பது இக்குழுவின் நியதிகளுக்குள் அடங்காது எனவும் முதற்பகுதி சொன்னது. இரண்டாம் பகுதி றமேஷைப்பற்றியது. அன்னார் எவருடைய அனுமதியுமின்றி வாடிக்கையாளர்களைத் தரம் பிரித்து வேறு வேறு தட்டு வைத்து, வடைத் தட்டின் சமத்துவக் கோட்பாட்டைப் பதினொரு வருடமாக மீறிவந்திருக்கிறார். மேற்படி இரகசிய ஏற்பாட்டைப் பதிலாளுக்கு விளக்காமல் விடுமுறையில் சென்றதன் மூலம் சம்பவத்துக்கு நேரடிக் காரணமாகியிருக்கிறார். எனவே அவரை மேசைப் பணியிலிருந்து நீக்குமாறு இக்குழு விதந்துரைக்கிறது. மூவரும் கையெழுத்திட்டார்கள்.

பிரியந்தன் அதை இரண்டுதரம் வாசித்தார். "நான் கேட்டது அவரைக் காப்பாத்தச் சொல்லி எல்லோ, ஐயா?" என்றார்.

"உண்மை எங்கை கொண்டுபோகுதோ அங்கைதான் போகலாம், தம்பி."

கிழித்துப் போடலாம் என்று பிரியந்தன் நினைக்காமல் இல்லை. ஆனால் அதற்குள் சுபோதினி கடைசிப் பக்கத்தைப் படம் பிடித்துக் குழுவில் போட்டுவிட்டார். நூற்றுநாற்பது பேர் கைகூப்பியிருந்தார்கள். டொரொன்டோவிலிருந்து ஒருவர், ஊரில் இன்னும் நீதி இருக்கிறது என்று எழுதியிருந்தார். வேலை போன றமேஷ், புறப்படுமுன் அந்த மூன்று தட்டையும் கழுவித் துடைத்து மேசையில் அடுக்கினார்.

"முதலாளி, நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டேங்களா?"

"இல்லை. எல்லாம் சரியாத்தான் சொன்னனீ. அதுதான் பிழைச்சுப்போச்சு" என்ற பிரியந்தன், கல்லாவுக்குக் கீழே எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். அறிக்கையின் மிச்சப் பிரதிகள், கடையில் கை துடைக்கக் கடதாசி தட்டுப்பாடான ஒருநாளில் நாலு நாலாக வெட்டப்பட்டு மேசைகளுக்குப் போயின. ஓர் ஆணைக்குழுவின் அறிக்கை பொதுமக்களுக்கு இவ்வளவு பயன்பட்டது இதுவே முதல் தடவை.

சமத்துவம் அமுலுக்கு வந்தது. எல்லாத் தட்டும் எல்லா மேசைக்கும் போயிற்று. முதலாவது மாதத்திலேயே நாகேந்திரத்தின் தட்டில் ஓர் உளுந்து வடை கை பட்டதும் இரண்டாகப் பிரிந்து விழுந்தது. அடுத்த மாதம் ஒரு ரோல்ஸின் நுனியில் மீசை மயிர் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கடுத்த மாதம் அவர் அமத்தப்போன வடையில் வேறு யாரோ ஏற்கெனவே அமத்தியிருந்தார்கள். அமத்தியவருக்கு அனுபவமும் போதாது. நாகேந்திரம் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, வெறும் தேத்தண்ணியோடு எழும்பினார். வீட்டில் ஓட்ஸ் சாப்பிட்டார். மூன்று நாள் ஓட்ஸ் சாப்பிட்டால் எந்த மனிதனுக்கும் மனச்சாட்சி விழித்துக்கொள்ளும். நாலாம் நாள் அவர் பிரியந்தனிடம் றமேஷ் இப்போது எங்கே என்று விசாரித்தார்.

றமேஷ் கொட்டாஞ்சேனையில், கோயிலடிக்குக் கிட்ட ஒரு சின்னக் கடையில் சேர்ந்து ஒரு மாதமாகியிருந்தது. இரண்டு மாதம் வேலையில்லாமல் இருந்ததால் மகளுடைய ரியூஷன் நின்றுபோயிருந்தது. நாகேந்திரம் புறக்கோட்டைக்குப் போய் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, வியர்க்க வியர்க்க அங்கே போய்ச் சேர்ந்தார். றமேஷ் அவரைக் கண்டதும் ஓடிவந்தார். மேசையைத் துடைத்தார். வீட்டு அம்மா சுகமா என்று கேட்டார். பிறகு உள்ளே போய்ச் சூடாக ஒரு கடலை வடையைச் சின்னத் தட்டொன்றில் கொண்டுவந்து வைத்தார்.

நாகேந்திரம் அந்த ஒற்றை வடையைப் பார்த்தார். "என்ன றமேஷ், ஒண்டுதானோ? தட்டு எங்கை?"

"ஐயாவுக்கு ஒண்ணுதாங்க. அமத்திப் பார்த்துட்டே சாப்பிடுங்க. மொறுமொறுன்னு இல்லாட்டி இதை எடுத்துட்டு வேற ஒண்ணு கொண்டாரேன்."

"மற்ற ஆக்களுக்கெல்லாம் தட்டு வைச்சிருக்கிறீர்."

"ஆமாங்கய்யா." றமேஷ் தோளிலிருந்த துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த மேசையை மறுபடி துடைத்தார். "அங்க நீங்க அமத்தி வெச்சதைப் பதினொரு வருஷம் நான் தின்னேங்க. அது பரவாயில்லைங்க, நானாத் தின்னது. இங்க நான் புது ஆளு. குசினியில இருக்கிறவங்க நல்லவங்க. அவங்களைப் போய்த் தின்னச் சொல்ல எனக்கு வாய் வரலைங்க."

நாகேந்திரம் அந்த வடையைச் சாப்பிட்டார். இவ்வளவு மொறுமொறுப்பான வடையை அவர் பல மாதமாகச் சாப்பிடவில்லை. பில்லுக்கு மேல் ஐம்பது ரூபாய் வைத்துவிட்டு, வந்த வழியே இரண்டு பஸ் பிடித்து வீடு திரும்பினார்.

அன்று மத்தியானம் அவர் தூங்கவில்லை. மேசையில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, கொட்டாஞ்சேனைக் கடை முதலாளிக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதினார். மேற்படி ஊழியர் வாடிக்கையாளர்களிடையே பாரபட்சம் காட்டுகிறார் என்றும், சைவக்கடைப் பண்பாட்டுக்கு மாறாக ஒரு மூத்த பிரஜைக்குத் தட்டு வைக்க மறுத்தார் என்றும், இதே குற்றத்துக்காக அன்னார் முன்பும் ஓரிடத்தில் விலக்கப்பட்டவர் என்பது முதலாளியின் மேலான கவனத்துக்குரியது என்றும் அதில் இருந்தது. இவ்விடயமாக விசாரணைக் குழுவொன்று அமைக்கப்படுமிடத்து, அதற்குத் தலைமை தாங்கத் தாம் எந்நேரமும் ஆயத்தமாயிருப்பதாகவும், இவரை விசாரிப்பதில் தமக்கு முன்னனுபவம் உண்டெனவும் கடைசி வரியில் பணிவன்புடன் தெரிவித்திருந்தார்.